ஒத்து ஊதும் பெட்டி

பரணிலிருந்து அதை இறக்கியது 2016 ஜனவரியில், பொங்கலுக்கு வீடு கழுவும்போது. முந்தைய மாதம் ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்குள் வந்த வெள்ளம் முழங்காலுக்கு மேல் நின்று வடிந்திருந்தது. மெத்தை, பீரோவின் அடித்தட்டு, அத்தையின் பாட்டு நோட்டுகள் எல்லாம் போயின. கொலுப்படிப் பலகைகளுக்குப் பின்னால் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த சுருதிப் பெட்டி மட்டும் உயரத்தில் இருந்ததால் தப்பியது. தண்ணீர் தொடவில்லை என்றாலும் ஈரக்காற்றில் மரம் உப்பிக் கிடந்தது. துருத்தியை இழுத்தேன். முதலில் வெறும் காற்று வந்தது, அடுத்த இழுப்பில் இருமல் மாதிரி ஒரு சத்தம். மூன்றாவது இழுப்பில் ஐந்தரைக் கட்டை ஷட்ஜம் கூடத்தை நிறைத்தது. அத்தை போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

பெரிய கருவி ஒன்றுமில்லை. தடித்த அகராதி ஒன்றை நிமிர்த்தி வைத்த அளவுதான் இருக்கும். பின்பக்கம் துருத்தி, முன்பக்கம் துளைகள், துளை ஒவ்வொன்றையும் மூடித் திறக்கப் பித்தளை மூடிகள். உள்ளே வரிசையாகப் பித்தளை நாக்குகள். பாடுகிறவரின் குரலுக்கு ஏற்ற ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கையால் துருத்தியை அசைத்துக்கொண்டே இருந்தால் போதும். ஐந்தரைக்கு ஷட்ஜம் என்றால் இரண்டரைதான் பஞ்சமம். அந்த இரண்டு மூடிகளிலும் அத்தை சிவப்பு நகப்பூச்சில் பொட்டு வைத்திருந்தார். மற்ற மூடிகளை அவர் திறந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தவர் பெட்டியைக் கேட்டு வந்தது அதற்குப் பல மாதங்கள் கழித்து. தெருவில் அவரைக் ‘கவுன்சலிங் மேடம்’ என்றார்கள். மனநல சிகிச்சையாளர். பேச்சு சிகிச்சையோடு பாட்டு, தாளம், வண்ணம், களிமண் இவற்றையும் சேர்த்து வேலை செய்கிறவர்.

“உங்க வீட்டுல கையால இழுக்கற சுருதிப் பெட்டி இருக்குன்னு சொன்னாங்க. எனக்குத் தர முடியுமா?”

“எலெக்ட்ரானிக் கடையிலயே கிடைக்குமே மேடம். இப்ப போன்லயே வருது.”

“அது ஆள் இல்லாமயே பாடும். எனக்கு யாராவது கை வச்சாத்தான் பாடற பெட்டி வேணும்.”

அந்தப் பதில்தான் என்னை இந்தப் பெட்டியின் பூர்வீகத்தைத் தேட வைத்தது.

இதன் உயிர் அந்தப் பித்தளை நாக்கில் இருக்கிறது. ஒரு முனை மட்டும் இறுக்கிய மெல்லிய தகடு. அதன் அடியில் தகட்டைவிட மயிரிழை பெரிய சந்து. காற்று அந்தச் சந்தில் நுழையும்போது நாக்கு இப்படியும் அப்படியும் ஆடும். நாகசுரத்தில் சீவாளி அதிர்ந்தாலும் எந்த ஸ்வரம் என்பதைக் குழலும் விரலும் ஊதுகிறவர் உதடும் முடிவு செய்கின்றன. இங்கே நாக்கின் நீளமும் கனமுமே ஸ்வரத்தை முடிவு செய்துவிடுகின்றன. அதனால் துருத்தியைக் கோபமாக இழுத்தால் சத்தம் கூடும், தயங்கி இழுத்தால் குறையும். சுருதி மட்டும் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். எத்தனை பதற்றத்தோடு ஒருவர் வந்து கை வைத்தாலும் அந்தப் பதற்றத்தை ஒலியில் வாங்கிக்கொண்டு, தன் இடத்தை விடாமல் நிற்கிற கருவி இது. சிகிச்சையாளர் ஏன் இதைக் கேட்டார் என்பதற்குப் பாதி விடை இந்த நாக்கிலேயே இருக்கிறது.

தனியாக ஆடும் இந்த நாக்கு ஆசியாவுக்குச் சொந்தம். சீனத்து ‘ஷெங்’ என்ற வாய்க்கருவியில் அது பல நூற்றாண்டுகளாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் அதைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். பாரிஸில் அலெக்சாந்தர் தெபென் அந்த நாக்குகளையும் கால்மிதி துருத்தியையும் கட்டை வரிசையையும் ஒரே மரப்பெட்டிக்குள் அடக்கி, ‘ஹார்மோனியம்’ என்று பெயரிட்டு 1842ல் காப்புரிமை வாங்கினார். அதே 1842ல் சென்னை மவுண்ட் ரோட்டில் மிஸ்கித் கம்பெனி தொடங்கியது. இன்று ‘மியூசி மியூசிக்கல்’ என்று நாம் அறியும் கடையின் மூதாதை அது. மவுண்ட் ரோடு எந்த மலையைப் பார்த்துப் போகிறதோ, அந்தப் பரங்கிமலையின் அடிவாரத்தில்தான் ஆதம்பாக்கம் இருக்கிறது. எங்கள் பரணில் கிடந்த பெட்டியின் முன்னோர்கள் அந்தச் சாலை வழியாகத்தான் வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

பாதிரியார்களோடு வந்த ஹார்மோனியம் நாற்காலியில் உட்கார்ந்து காலால் மிதிக்கிற கருவி. நம்மவர்கள் தரையில் உட்காருகிறவர்கள். கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் காலை விடுவித்துத் துருத்தியைப் பெட்டியின் பின்பக்கம் கொண்டுபோனார். ஒரு கை காற்றுக்கு, மறு கை ஸ்வரத்துக்கு என்று ஆனது. மேற்கத்திய இசைக்கு இரண்டு கையும் வேண்டும், நம் இசைக்கு ஒன்று போதும். இப்படி அடியோடு மாறிய பெட்டி கீர்த்தனைக் கூடங்களுக்கும் நாடகக் கொட்டகைகளுக்கும் பரவியது.

தமிழ்நாட்டில் அதற்குப் பெரிய வாழ்வு கொடுத்தவை நாடகங்கள்தான். ஒலிபெருக்கி இல்லாத காலம். ஆயிரம் பேர் உட்கார்ந்த கொட்டகையின் கடைசி வரிசைக்குப் போய்ச்சேர வேண்டிய குரலுக்கு உரத்த துணை தேவைப்பட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து மேடையில் ஹார்மோனியக்காரர் பாதி நடிகர். செங்கோட்டை கிட்டப்பாவுக்கு அவருடைய அண்ணன் காசி ஐயர் வாசித்தார். கே.பி. சுந்தராம்பாளின் பாட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் காதர் பாட்சா. இந்தப் பெட்டிக்கு மதமும் சாதியும் ஒன்றாக இருந்ததே இல்லை என்பதற்காகவும் இந்தப் பெயர்களைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தின் தடம் இன்றைக்கும் நம் நாக்கில் இருக்கிறது. “உங்க சுருதி என்ன?” என்று கேட்டால் பாடுகிறவர்கள் “ஒரு கட்டை”, “அஞ்சரைக் கட்டை” என்பார்கள். அந்தக் கட்டை ஹார்மோனியத்தின் கட்டைதான். முதல் வெள்ளைக் கட்டை ஒன்று, அடுத்தது இரண்டு. இடையில் இருக்கும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. அதனால்தான் மூன்றரைக் கட்டையில் பாடுகிறவர் ஒருவரும் இல்லை. ஹார்மோனியத்தைக் கச்சேரி மேடையில் ஏற்ற மறுத்தவர்களும் தங்கள் குரலை அளந்தது அதன் கட்டைகளால்தான்.

மறுப்பு கடுமையாகவே இருந்தது. 1940 மார்ச் 1 முதல் ஆல் இந்தியா ரேடியோ ஹார்மோனியத்தைத் தடைசெய்தது. தாகூர் அந்தத் தடையை விரும்பியவர். 1971ல்தான் அது தளரத் தொடங்கியது. குற்றச்சாட்டில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக, ஒரே ஸ்வரத்தை ஆட்டிப் பார்க்கக் கட்டையால் முடியாது. கமகம் போனால் நம் ராகத்தில் எலும்புதான் மிஞ்சும்.

ஆனால் குறை கட்டையில்தானே இருந்தது? கட்டைகளை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது துருத்தியும் நாக்கும். பாட்டு வராது, பாட்டு நிற்கத் தரை கிடைக்கும். அதுதான் சுருதிப் பெட்டி. தம்புரா வாங்கவும், ஈரத்தில் தந்தி இறங்கும்போதெல்லாம் சுருதி கூட்டவும் வசதியில்லாத வீடுகளுக்கும், பஜனை மடங்களுக்கும், கதாகாலட்சேபங்களுக்கும் அது போனது. நாகசுரக் கோஷ்டிகளுக்கும் போனது. அங்கே அது எடுத்துக்கொண்ட இடம் ஒத்துக்காரருடையது.

ஒத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நாகசுரம் போலவே நீண்ட குழல், விரலுக்கான துளைகள் இல்லை. அடியில் உள்ள சில துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். ஒத்துக்காரர் ஒரே ஸ்வரத்தை, மூச்சு அறுபடாமல், கன்னத்தில் காற்றைத் தேக்கி, சுவாமி புறப்பாடு முடியும்வரை ஊதுவார். ஊர்வலத்தில் அவரை யாரும் பார்ப்பதில்லை. ‘ஒத்து ஊதுகிறான்’ என்பதை வசவாக்கி வைத்திருக்கிறோம், அடுத்தவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவன் என்ற பொருளில். அது அந்தக் கலைஞருக்கு மொழி செய்த அநியாயம். தலையாட்டுகிறவர் அவர் அல்ல. மல்லாரியிலிருந்து தோடிக்கும் தோடியிலிருந்து எங்கேயும் நாகசுரக்காரர் போகலாம், திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது என்று மூச்சைக் கொடுத்துக் காட்டிக்கொண்டிருப்பவர்.

சுருதியை நோயோடும் மருந்தோடும் சேர்த்து யோசித்தவர்கள் நம்மிடம் முன்பே இருந்திருக்கிறார்கள். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) சித்த மருத்துவர். மூலிகை மருந்தில் சம்பாதித்ததை இசை மாநாடுகளில் செலவழித்தார். 1917ல் வெளிவந்த அவருடைய ‘கருணாமிர்த சாகரம்’ பெரும்பகுதி சுருதிக் கணக்கு. சுருதிகள் 22 அல்ல, 24 என்று வாதாடினார். அவர் கணக்கை எல்லோரும் ஏற்கவில்லை. என்றாலும் ஒரு வைத்தியர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இரண்டு ஸ்வரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளப்பதில் செலவிட்டார் என்பதே எனக்குப் பெரிய செய்தி. பழந்தமிழ் இசையில் ஸ்வரங்களுக்கு இடையேயான உறவுக்குப் பெயர்கள் இணை, கிளை, பகை, நட்பு. கிளை என்றால் சுற்றம். இசையை உறவாகவே கேட்டிருக்கிறார்கள்.

பெட்டியைப் பரணுக்கு அனுப்பியது பெங்களூரு. 1979ல் ராஜ் நாராயணின் ‘ராடெல்’ நிறுவனம் மின்னணு சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்தது. துருத்தி இல்லை, கைவலி இல்லை, மழைக்காலத்தில் உப்பவும் இல்லை. சுருதி போட ஒரு சிஷ்யையை உட்காரவைக்க வேண்டிய அவசியமும் போயிற்று. அத்தையும் 90களில் ஒன்று வாங்கினார். அதற்கு முன்னால் அத்தை எங்கள் வீட்டில் நடத்திய பாட்டு வகுப்பில் பெட்டி இழுப்பது நான். பாட வராத பிள்ளைக்குக் கொடுக்கப்பட்ட வேலை அது. மின்னணுப் பெட்டி வந்த அன்று என் வேலை போயிற்று. நான் வகுப்பில் உட்காருவதும் அன்றோடு நின்றது.

இனி, பெட்டி போய்ச்சேர்ந்த துறையின் கதை. இசை சிகிச்சை மேற்கில் தொழிலாக உருக்கொண்டது இரண்டாம் உலகப்போரை ஒட்டி. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கு வாசிக்கப்போன கலைஞர்கள், வாசிப்பு மட்டும் போதாது, பயிற்சி வேண்டும் என்று உணர்ந்தார்கள். 1944ல் மிச்சிகனில் ஒரு கல்லூரி பட்டப்படிப்பு தொடங்கியது. 1950ல் தேசியச் சங்கம் வந்தது. அந்தக் காலத்து மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் சொன்ன ஒரு எளிய முறை இன்றும் பாடமாக இருக்கிறது. துயரத்தில் இருப்பவருக்கு எடுத்ததுமே சந்தோஷப் பாட்டைப் போடாதே. அவர் இருக்கும் நிலைக்குச் சமமான இசையில் தொடங்கி அங்கிருந்து மெல்ல நகர்த்து. நம் வீட்டில் சாவு விழுந்தால் வந்து உட்காருகிற பெண்கள் முதலில் கூட அழுவார்கள், பிறகுதான் சாப்பிடச் சொல்வார்கள். இதே அறிவுதான்.

சென்னையில் வயலின் வித்வான் குன்னக்குடி வைத்தியநாதன் ராக ஆராய்ச்சி மையம் அமைத்து, ராகங்களின் நோய் தணிக்கும் ஆற்றலைப் பற்றி ஊரெங்கும் பேசினார். பிறகு சுமதி சுந்தர் போன்றவர்கள் இசை சிகிச்சையை முறையான பயிற்சியாக்கினார்கள். புதுச்சேரி மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி வளாகத்தில் அதற்குத் தனி மையமே இருக்கிறது. மாக்தலீன் ஜெயரத்தினம் நடத்தும் ஈஸ்ட் வெஸ்ட் கவுன்சலிங் மையம் நாடகம், படம், அசைவு எல்லாவற்றையும் ஆலோசனையோடு சேர்த்துக் கற்றுத்தருகிறது.

எனக்கு ஒரு கருத்து உண்டு. இந்த நோய்க்கு இந்த ராகம் என்று பட்டியல் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருவருக்கு நீலாம்பரி தாலாட்டு. இன்னொருவருக்கு, தாலாட்டியவரை இழந்த நினைவு. 2017ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்வது அடக்கமானது: வழக்கமான சிகிச்சையோடு இசை சிகிச்சையும் சேர்ந்தால் மனச்சோர்வின் அறிகுறிகள் குறுகிய காலத்துக்காவது தணிகின்றன. ‘சேர்ந்தால்’ என்ற சொல் முக்கியம். ஆதம்பாக்கத்து மேடமும் மருந்து தேவைப்படுகிறவரை மனநல மருத்துவரிடம் அனுப்பிவிட்டுத்தான் தன் வேலையைத் தொடங்குகிறார். பாட்டு மாத்திரைக்கு மாற்று என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அவருடைய அறையில் பாய், இரண்டு நாற்காலிகள், சார்ட் பேப்பர், மெழுகு வண்ணக் குச்சிகள், ஒரு பேசினில் ஈரத்துணி மூடிய களிமண், ஒரு கஞ்சிரா. பெட்டி ஜன்னலோரம் வைக்கப்பட்டது. ராகமும் வரியும் இல்லாததால்தான் இது தனக்கு உதவுகிறது என்றார். “பாட்டு போட்டா எல்லாரும் பாட்டைப் பத்திப் பேசுவாங்க. இது சும்மா ஓடிக்கிட்டிருந்தா அவங்களைப் பத்திப் பேசுவாங்க.” சிலர் அதன் மேல் முணுமுணுப்பார்கள், சிலர் அதைக் கேட்டுக்கொண்டே கோடு போடுவார்கள். பேச்சு அதற்குப் பிறகு வரும்.

ஆனாலும் எடுத்தவுடன் பெட்டியைத் திறப்பதில்லையாம். முதல் சந்திப்பிலேயே, “இந்தச் சத்தம் உங்களுக்கு எப்படி?” என்று கேட்டுவிடுவார். நான் யோசித்துப் பார்த்திராத விஷயம் இது. டிசம்பர் சீசன் நடக்கும் ஊர் இது. இங்கே பல பேருக்கு ஷட்ஜம்-பஞ்சமம் என்றால் அமைதி அல்ல, பரீட்சை. அபஸ்வரம் வந்தபோது தொடையில் விழுந்த அடி, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிட்ட அம்மா, மேடையில் மறந்துபோன சரணம். வேறு சிலருக்கோ இது தங்களை உள்ளே விடாத வீடுகளின் ஜன்னல் வழியே கேட்ட ஒலி. அவர்களுக்குக் கஞ்சிராவோ, டேபிளில் தட்டும் கானாவோ, சர்ச்சில் கேட்ட பாட்டோதான் வீடு. பெட்டி அவர்கள் வந்தால் துணிக்குள் போய்விடும்.

இன்னொரு பயனும் இருந்தது. இந்த ஊரில் ‘கீழ்ப்பாக்கம்’ என்பது இன்னமும் கேலிச் சொல். 1871லிருந்து அங்கே இயங்கும் மனநல மருத்துவமனையின் முகவரியை வைத்தே ஒரு மனிதரைக் கூசவைத்துவிடலாம். மாடியிலிருந்து சுருதிச் சத்தம் வருவதால் அக்கம்பக்கத்தில் பலர் அதைப் பாட்டு வகுப்பு என்றே நினைத்திருந்தார்கள். படியேறுகிறவர்களுக்கு அது ஒரு மறைப்பு. மறைப்பு தேவைப்படாத நாள் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதுவரை பெட்டி அந்த வேலையையும் செய்தது.

அந்த அறைக்குள் பெட்டியைச் சுற்றி நடந்தவை எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. மேடம் ஒருநாளும் ஒரு பெயரையோ ஒரு சம்பவத்தையோ சொன்னதில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு மணி நேரம் மட்டும், அது நான் போய் உட்கார்ந்த நேரம்.

அத்தையைப் பற்றிப் பேச வேண்டும் என்று போனேன். பெட்டியை என் பக்கம் நகர்த்தி, “பாட வேணாம். இழுத்துக்கிட்டே சொல்லுங்க” என்றார். 20 வருடம் கழித்தும் கை அந்த வேகத்தை மறந்திருக்கவில்லை. அத்தையின் கடைசி மாதங்களை, ஆஸ்பத்திரி வராந்தாவை, நான் ஊரில் இல்லாத அந்த வாரத்தைச் சொல்லிக்கொண்டு போனேன். ஒரு இடத்தில் ஒலி இறங்கி நின்றுவிட்டது. கை நின்றதை நான் கவனிக்கவில்லை. சத்தம் போனதால் தெரிந்தது. மின்னணுப் பெட்டியாக இருந்திருந்தால் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். நான் எங்கே நின்றேன் என்று எங்கள் இருவருக்குமே தெரிந்திருக்காது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து துருத்தியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். ஐந்தரை மறுபடி எழுந்தது. வகுப்பில் இத்தனை வருடம் மற்றவர்களுக்காக இழுத்திருக்கிறேன். எனக்காக இன்னொருவர் இழுத்தது அதுதான் முதல் தடவை. விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.

சென்ற வருடம் துருத்தியின் மடிப்பில் காற்று கசிவதாகச் சொன்னார். மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு ஹார்மோனியம் ரிப்பேர்காரரிடம் நானே எடுத்துப்போனேன். அவர் முன்பலகையைக் கழற்றி, நாக்குகளை ஒவ்வொன்றாகத் தூரிகையால் தட்டிவிட்டு, மூடிகளைத் துடைக்கத் துணியை நனைத்தார். அப்போதுதான் பார்த்தேன். அத்தையின் இரண்டு சிவப்புப் பொட்டுகள் மங்கிக் கிடந்தன. நான்காம் கட்டை மூடியின் மேல் புதிதாக, மெழுகு வண்ணக் குச்சியால் அழுத்தி வைத்த ஒரு நீலப் பொட்டு.

“அதை மட்டும் துடைச்சிடாதீங்க அண்ணே” என்றேன்.